ஊருக்காகத் தோட்டம் பார்க்க வருகிறவர் முதலில் என்ன கற்க வேண்டும்?

கேள்வி இது: "கூத்தாநல்லூர் அருகே ஒரு கிராமத்தில் இருக்கிறேன். 54 வயது, விருப்ப ஓய்வு பெற்றுவிட்டேன். வீட்டுக் கொல்லையில் செடி வளர்த்த அனுபவம் மட்டும் உண்டு. எங்கள் ஊர்ப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் கோயில் நந்தவனத்துக்கும் சம்பளம் வாங்காத தோட்டக்காரியாக இருக்க ஆசைப்படுகிறேன். முறையான பயிற்சி எங்கே கிடைக்கும்? எதிலிருந்து தொடங்குவது?"

அம்மா, கொல்லையில் பல வருடம் செடி வளர்த்த உங்களுக்குச் செடியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. தண்ணீரைப் பற்றித்தான் நிறைய இருக்கிறது. நம் பக்கத்தில் வாய்க்காலைப் பற்றி ஆளாளுக்குப் பேசுவார்கள். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறக்குமா, கல்லணைக்கு எப்போது வந்து சேரும், நம் மதகுக்கு என்றைக்கு எட்டும் என்று டீக்கடையில் நாள்கணக்கு நடக்கும். வடிகாலைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பது அரிது. ஆனால் டெல்டாவில் ஊர்த்தோட்டங்கள் ஏன் அழிகின்றன என்று இந்தப் பதினான்கு வருடத்தில் நான் பார்த்தவரை, பாதி ஐப்பசி கார்த்திகையில் வேர் அழுகிப் போகிறது. மீதிப் பாதி மே மாதத்தில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் காய்கிறது. பூச்சியும் நோயும் அதற்குப் பிறகுதான்.

இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மன்னார்குடிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் முதன்முதலாக நான் எடுத்துச் செய்த வேலை அது. புரட்டாசிக் கடைசியில் நாற்பது கன்றுகள்: முருங்கை, பப்பாளி, நெல்லி, மாதுளை. இரண்டடிக்கு இரண்டடி குழி வெட்டி, வெட்டிய களியை ஒதுக்கிவிட்டு, வெளியிலிருந்து கொண்டுவந்த செம்மண்ணும் மணலும் தொழுவுரமும் நிரப்பி, பார்த்துப் பார்த்து நட்டேன். பிள்ளைகள் ஆளுக்கொரு கன்றைத் தங்களுடையது என்று எடுத்துக்கொண்டார்கள். ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை. நான்காம் நாள் போனபோது குழி ஒவ்வொன்றும் குட்டிக் கிணறாக நின்றது. சுற்றிலும் இறுகிய களி. நடுவில் நான் நிரப்பிய இளகிய மண். மைதானத்தில் விழுந்த தண்ணீரெல்லாம் வழி தேடி அந்தக் குழிகளுக்குள் இறங்கிவிட்டது, வெளியேற வழியில்லை. பப்பாளி இரண்டு நாளிலேயே தலை தொங்கிவிட்டது. ஒரு முருங்கைக் கன்றைப் பிடுங்கினேன். வேரின் தோல் விரலோடு உரிந்து வந்தது. அழுகிய முட்டை வாடை அடித்தது. பக்கத்தில் நின்ற மூன்றாம் வகுப்புச் சிறுமி, "நான் தண்ணீர் சரியாக ஊற்றவில்லையா, சார்?" என்று கேட்டாள். தவறு முழுவதும் என்னுடையது என்று அவளிடம் சொன்னேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. அன்றிலிருந்து, குழியில் தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் ஓரிடத்திலும் நான் கன்று வைத்ததில்லை.

அந்தச் சோதனைதான் உங்கள் முதல் பாடம். நடப்போகும் இடத்தில் ஒன்றரை அடி ஆழம், ஓரடி அகலம் குழி எடுங்கள். வாய் வரைக்கும் தண்ணீர் ஊற்றி வற்ற விடுங்கள். மறுபடி நிரப்பி ஒரு குச்சியை நட்டு நீர்மட்டத்தில் கோடு போடுங்கள். சாயங்காலம் ஊற்றியது மறுநாள் காலையிலும் தேங்கி நின்றால் அது குழி நடவுக்கு ஆகாத இடம். அங்கே தரைக்கு மேல் ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு கட்டி, அந்த மேட்டில்தான் கன்றை வைக்க வேண்டும். மேட்டைச் சுற்றி ஒரு சிறு வடிகால் வெட்டி, அது எங்கே போய்ச் சேரும் என்பதையும் பார்க்க வேண்டும். அடுத்த வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டால் அன்றோடு உங்கள் சேவை முடிந்தது. வெளியிலிருந்து உயர்ந்த மண் வாங்கி நிரப்புவதைவிட, வெட்டிய அதே களியில் மக்கிய தழையையும் நெல் உமியையும் கலந்து போடுவது எவ்வளவோ மேல். களிமண் கெட்ட மண் அல்ல. சத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதில் அதற்கு இணை இல்லை. மூச்சு விட இடம் கொடுத்தால் போதும். தழையுரச் செடியான தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் தறுவாயில் மண்ணோடு மடக்கி விட்டால் அதுவும் அந்த வேலையைச் செய்யும்.

நீர் தேங்கும் இடத்துக்கென்றே பிறந்த மரங்களும் இருக்கின்றன. நீர்மருது, புங்கை, நாவல், இலுப்பை ஆகியவை சில நாள் காலடியில் தண்ணீர் நின்றாலும் தாங்கும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புக் காற்றும் உவர் மண்ணும் உள்ள இடங்களுக்குப் புன்னையும் பூவரசும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்த பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்புகள் மொத்தமாகச் சாய்ந்து கிடந்ததைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் நடுவே பனைகள் நின்றுகொண்டிருந்தன. பள்ளி வேலியோரம் எதை வைக்கலாம் என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தக் காட்சிதான் முதலில் நினைவுக்கு வரும்.

இனிப் பயிற்சி. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் 1973-இல் ஓர் ஏற்பாடு தொடங்கியது. வீட்டுத் தோட்டம் வைத்திருந்தவர்கள் கேட்ட கேள்விகளுக்கு அங்குள்ள பல்கலைக்கழக விரிவாக்க அலுவலர்களால் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் ஆர்வமுள்ள பொதுமக்களைச் சேர்த்து மண், பயிர், பூச்சி பற்றி முறையாகப் பயிற்சி கொடுத்தார்கள். அதற்கு ஈடாக, பயிற்சி பெற்றவர் குறிப்பிட்ட மணிநேரம் ஊருக்காக உழைக்க வேண்டும். 'மாஸ்டர் கார்டனர்' என்று பெயர். பின்னர் அது மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பண்டமாற்று. கற்றுக்கொண்டதற்குக் கூலியாக உழைப்பைத் தருவது. எத்தனை மணிநேரம் என்று முதலிலேயே பேசி முடிவு செய்வது. "முடிந்தபோது வருகிறேன்" என்று சொல்லும் தன்னார்வலரை நம்பித் தலைமையாசிரியர் எதையும் திட்டமிட முடியாது. "செவ்வாயும் சனியும் காலை ஏழு முதல் ஒன்பது வரை" என்று சொல்லுங்கள். சொன்னால் மழையானாலும் போய் நில்லுங்கள்.

கற்றுக்கொள்ளும் இடம் நமக்கு அருகிலேயே உண்டு. இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. உங்கள் திருவாரூர் மாவட்டத்துக்கு நீடாமங்கலத்தில் ஒன்று இருக்கிறது. நாகை மாவட்டத்துக்குச் சிக்கலில். காய்கறி நாற்றங்கால், மண்புழு உரம், காளான், வீட்டுத் தோட்டம் போன்ற தலைப்புகளில் பயிற்சி வைப்பார்கள். ஒரு முறை நேரில் போய் உங்கள் பெயரையும் கைபேசி எண்ணையும் கொடுத்து, பள்ளிக்காகக் கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலும் அப்படியே. விதையும் கன்றும் மானியத்தில் வரும்போது யாருக்குக் கொடுப்பது என்ற யோசனை அங்கே எழும். அப்போது உங்கள் முகம் அவர்களுக்கு நினைவில் இருக்க வேண்டும். அவசரச் சந்தேகத்துக்கு உழவர் அழைப்பு மையம் இருக்கிறது: 1800-180-1551, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

ஆனால் அலுவலகத்தில் கிடைக்காத பாடம் ஒன்று உண்டு. உங்கள் ஊரில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் இருப்பார். எந்தத் தெருவில் எந்த ஆண்டு எவ்வளவு தண்ணீர் நின்றது, பழைய வடிகால் எந்தச் சுவருக்கடியில் புதைந்து கிடக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நான் பள்ளியில் தோற்றபின் போய்க் கேட்டது அப்படிப்பட்ட ஒரு பெரியவரிடம்தான். அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மைதானத்தின் வடகிழக்கு மூலைக்குப் போய், "இங்கேதானே கன்னி வாய்க்கால் ஓடியது. அதைத் தூர்த்துத்தான் சுவர் எழுப்பினார்கள்" என்றார். முதலிலேயே அவரிடம் போயிருந்தால் நாற்பது கன்றும் பிழைத்திருக்கும்.

மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்க நீங்களே பழகிக்கொள்ளுங்கள். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, ஆங்கில 'வி' எழுத்து வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, அதன் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். மர நிழல், குப்பைக் குழி, வாய்க்கால் கரை ஆகிய இடங்களைத் தவிர்த்துப் பத்து இடங்களில் எடுத்து ஒன்றாகக் கலக்க வேண்டும். பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை மறுபடி கலந்து பிரித்து, கடைசியில் அரைக் கிலோ மீதமாகும்வரை இப்படியே செய்யுங்கள். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட்டு மண் ஆய்வுக்கூடத்துக்குக் கொடுக்கலாம். உவரா (உப்பு மிகுந்ததா), களரா (சோடியம் மிகுந்ததா), கார அமில நிலை என்ன என்று தெரிந்துவிடும். அது தெரியாமல் ஜிப்சம் போடு, சுண்ணாம்பு போடு என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. நீங்கள் ஊருக்குத் தோட்டக்காரர் என்று தெரிந்துவிட்டால் இலையைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் வருவார்கள். அந்த இலையைப் பார்த்த மாத்திரத்தில் மருந்து சொல்லக் கூடாது. செடி நிற்கும் இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு முறை அங்கன்வாடி ஆயா ஒருவர் வாழை இலை ஒன்றைக் கொண்டுவந்தார். மேல்புறம் அடுப்புக்கரி பூசியது போலக் கறுத்திருந்தது. வாழைக்கு நோய் வந்துவிட்டது என்று யாரோ சொல்ல, பூஞ்சைக்கொல்லி வாங்கப் பணமும் திரட்டிவிட்டார்கள். அங்கே போய் வாழையைப் பார்த்துவிட்டு அண்ணாந்து பார்த்தேன். தலைக்கு மேலே தென்னை. மட்டை ஒன்றை இழுத்து அடிப்பக்கத்தைத் திருப்பினால், வெள்ளை மாவில் விரல் நுனியால் சுழித்தது போல வட்டம் வட்டமாக முட்டைகள். நடுவே குட்டி வெள்ளை ஈக்கள். 2016 வாக்கில் பொள்ளாச்சிப் பக்கம் வந்து பிறகு தமிழகமெங்கும் பரவிய சுருள் வெள்ளை ஈ. அது மேலிருந்து ஒழுகவிடும் தேன்போன்ற கழிவின்மீது கரும்பூஞ்சாணம் படர்கிறது, அவ்வளவுதான். வாழைக்கு ஒரு நோயும் இல்லை.

அதற்குச் செய்ய வேண்டியதும் எளிது. விசைத் தெளிப்பானால் மட்டையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கலாம். மஞ்சள் நிற ஒட்டுப்பொறிகளைக் கட்டலாம். கறுத்த இலைகளுக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா மாவுப் பசை கரைத்துத் தெளித்தால் காய்ந்ததும் கரும்படலம் பொருக்காக உரிந்து விழும். பூச்சிமருந்து மட்டும் அடிக்கவே கூடாது. இந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் 'என்கார்சியா' என்னும் சிறு குளவியும் சேர்ந்து செத்துவிடும். ஆயாவிடம் கைப்பிடிக் கண்ணாடியைக் கொடுத்துக் குளவி உண்ட கூட்டுப்புழுக்கள் கறுப்பாகத் தெரிவதைக் காட்டினேன். அதன்பிறகு அந்தத் தெருவில் யார் இலையைக் கொண்டுவந்தாலும் அவரே "மேலே பார்த்தீர்களா?" என்று கேட்க ஆரம்பித்தார். பத்து ரூபாய் சம்பாதிக்காத வேலையில் இதைவிடப் பெரிய கூலி எனக்குக் கிடைத்ததில்லை.

தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லுங்கள். "கேட்டுவிட்டு வியாழக்கிழமை சொல்கிறேன்" என்று சொல்லி, கேட்டு, வியாழக்கிழமை சொல்லுங்கள். குழந்தைகள் புழங்கும் இடத்தில் நான் இரசாயனப் பூச்சிக்கொல்லியைத் தொடுவதில்லை. சாறு உறிஞ்சிகளுக்கும் சின்னப் புழுக்களுக்கும் வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்துத் துணியில் முடிந்து இரவு ஊறவைத்து, காலையில் பிழிந்து ஒரு லிட்டராக்கி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலத்தில் தெளிக்க வேண்டும். அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

அங்கன்வாடியில் கால் வைத்ததும் நடுவதற்கு முன் பிடுங்க வேண்டியதைப் பாருங்கள். அரளி, ஊமத்தை, காட்டாமணக்கு, குன்றிமணிக் கொடி. நான்கும் விஷம். காட்டாமணக்குக் கொட்டையைக் கடலை என்று நினைத்துத் தின்று குழந்தைகள் வாந்தியும் பேதியுமாக மருத்துவமனைக்குப் போவது நம் மாநிலத்தில் திரும்பத் திரும்ப நடக்கிறது. கோயில் நந்தவனத்துக்கு அழகாக இருக்கும் அரளி, இரண்டு வயதுக் குழந்தை ஓடியாடும் முற்றத்துக்கு ஆகாது. அங்கே வைக்க வேண்டியவை கறிவேப்பிலை, மேட்டில் முருங்கை, கைகழுவும் தண்ணீர் போகும் வழியில் பொன்னாங்கண்ணி, வல்லாரை, ஒரு வாழை. சமையல் செய்பவர் எட்டிப் பறிக்கும் தூரத்தில் கீரைப் பாத்தி இருந்தால்தான் அது குழம்புக்குப் போகும். தள்ளி வைத்தால் முற்றிப் பூத்துவிடும். ஆடு புகும் இடமென்றால் வேலிக்கு ஆடாதொடையும் நொச்சியும் நடுங்கள்; ஆடு அவற்றில் வாய் வைக்காது.

உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சருகுக் குவியலுக்குள் வெறுங்கையை விடாதீர்கள். முதலில் ஒரு கம்பால் தட்டிவிட்டுத்தான் தொட வேண்டும். நல்ல பாம்பும் கட்டுவிரியனும் கண்ணாடிவிரியனும் வயலோரத்தில் நம்மோடு வாழ்பவை. கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மழைக்காலச் சேற்றில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் ரப்பர் காலணி இல்லாமல் இறங்கக் கூடாது. தொடங்கும் முன்பே டெட்டனஸைத் தடுக்கும் டி.டி. ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

நந்தவனம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இந்த வேலைக்கு நம் மண்ணில் மூத்தவர்கள் உண்டு. கையில் உழவாரப் படையோடு கோயில் கோயிலாகப் போய்ப் புல் செதுக்கியவர் அப்பர். அவர் முக்தி அடைந்த திருப்புகலூர் நன்னிலத்துக்குப் பக்கம்தான். பூப்பறித்து மாலை கட்டுவதையே தொண்டாக வைத்துக்கொண்ட முருக நாயனார் பிறந்ததும் அதே ஊர். கும்பகோணம் பக்கத்துத் திருமண்டங்குடியில் பிறந்த தொண்டரடிப்பொடி ஆழ்வார் திருவரங்கத்தில் நந்தவனம் அமைத்துப் பூமாலை சாத்தி வாழ்ந்தவர். உங்கள் ஊர்க் கோயிலின் தலமரம் எது என்று முதலில் கேளுங்கள். திருவிடைமருதூருக்கு மருது, திருக்கருகாவூருக்கு முல்லை என்பதைப் போல ஒன்று இருக்கும்; அது பட்டுப்போயிருந்தால் அதை மீட்பதிலிருந்து தொடங்கலாம். பிறகு நந்தியாவட்டை, பவளமல்லி, செம்பருத்தி, இட்லிப்பூ. செயல் அலுவலரிடமோ அறங்காவலரிடமோ எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளியிலும் அப்படியே. பேச்சளவில் கிடைத்த அனுமதி அவர் இடமாற்றம் ஆனதும் போய்விடும்.

மே மாதத்துக்கு வருகிறேன். பள்ளி மூடியிருக்கும், பிள்ளைகள் தாத்தா வீட்டுக்குப் போயிருப்பார்கள், மோட்டார் அறைச் சாவி எங்கேயோ இருக்கும். களிமண் பாளம் பாளமாக வெடித்து, அந்த வெடிப்பே வேர்களை அறுக்கும். இதற்கான ஏற்பாட்டை நடும் அன்றைக்கே செய்துவிட வேண்டும். பள்ளிக்கு எதிர் வீட்டுக்காரர்கள் நான்கு பேரிடம் கிழமை பிரித்துக் கொடுத்து, ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். சாவியின் நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். கன்றுக்கு ஓரடி தள்ளி, வாய் மட்டும் தெரியும்படி ஒரு சுடுமண் பானையைப் புதைத்து நிரப்பி மூடி வைத்தால், அது கசிந்து கசிந்து வேருக்கு நீர் கொடுக்கும். நான் வாரம் இரண்டு முறை நிரப்புகிறேன். சுற்றிலும் வைக்கோல் மூடாக்கு நாலு விரல் கனத்துக்கு. தண்டை ஒட்டிப் போடாதீர்கள். தழையை எரிக்கும் பழக்கத்தைப் பள்ளியில் முதல் நாளே நிறுத்திவிட்டால் மூடாக்குக்கும் உரத்துக்கும் வெளியே தேட வேண்டியதில்லை.

முதல் வருடம் ஒரே இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று இடத்தையும் ஒரே நேரத்தில் தொடங்க மனம் பரபரக்கும், வேண்டாம். பள்ளி என்றால் பள்ளி மட்டும். ஆடியில் அவரை, புடல், பீர்க்கன், பாகல் விதையுங்கள். ஐப்பசிக்குள் கொடி பந்தல் ஏறிவிடும். மரக்கன்றுகளை மழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் இருக்கும் மார்கழிக் கடைசி, தை மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள்: எந்தத் தேதியில் மழை, எங்கே எத்தனை நாள் நீர் நின்றது, எது முளைத்தது, யார் தண்ணீர் ஊற்றினார்கள். வாங்க வேண்டிய கருவி அதிகமில்லை. ஒரு மண்வெட்டி, களைக்கொத்து, கடப்பாரை, அன்னக்கூடை, பூவாளி, கைப்பிடிக் கண்ணாடி.

அந்த ஒன்றரை அடிக் குழியை இந்த வாரமே, பள்ளி மைதானத்தில் இரண்டு மூலைகளிலும் நடுவிலும் எடுத்துப் பாருங்கள். குச்சியில் போட்ட கோட்டுக்கும் மறுநாள் காலை நீர்மட்டத்துக்கும் எத்தனை விரல் இடைவெளி என்று எனக்கு எழுதுங்கள். எங்கே மேடு கட்டுவது, எந்தப் பக்கம் வடிகால் வெட்டுவது என்பதை அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.